நோட்டீஸ் பணம், ரிடண்டன்சி பணம், வேலையிழப்பு இன்சூரன்ஸ்: பிரிட்டன்ல வேலை போனா எது எப்போ கைக்கு வரும்?

பிரிட்டன்ல ஒரு ஆபீஸ்ல ஆள் குறைக்கப் போறாங்கன்னு மெயில் வந்த அடுத்த நிமிஷம் எல்லாரும் எக்ஸ்பர்ட் ஆயிடுவாங்க. "ரிடண்டன்சி பணம் வாங்கிட்டா இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தரமாட்டான்"னு ஒருத்தர் சொல்வார், "அதெல்லாம் இல்லப்பா, வேலை போன மறுநாள்ல இருந்தே கணக்கு ஓட ஆரம்பிச்சிடும்"னு இன்னொருத்தர், "30,000 பவுண்ட் வரைக்கும் எதுக்குமே டாக்ஸ் கிடையாது, ஜாலியா இரு"ன்னு மூணாவது ஆள். மூணுமே தப்பு. ஆனா மூணுலயும் ஏதோ ஒரு மூலையில உண்மை ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலதான் இந்தக் குழப்பம் வருஷக்கணக்கா அப்படியே ஓடிக்கிட்டு இருக்கு.

குழப்பத்துக்குக் காரணம் சிம்பிள். வேலை போகும்போது மூணு விதமான பணம் வரலாம் (நோட்டீஸ் காலத்துக்கான சம்பளம், ஆள் குறைப்புல வேலை போனதுக்குக் கம்பெனி தர்ற ரிடண்டன்சி பணம், நீங்களா எடுத்து வச்ச வேலையிழப்பு இன்சூரன்ஸ்), மூணும் ஏறக்குறைய ஒரே நேரத்துல பேச்சுல அடிபடும், அதனால எல்லாத்தையும் சேத்து "செட்டில்மெண்ட்"னு ஒரே மூட்டையா கட்டிடறோம். நிஜத்துல மூணும் மூணு வேற வேற கேள்விக்கான பதில். அதைப் பிரிச்சுப் பாத்துட்டா பாதி சந்தேகம் தானா போயிடும். (இங்க சொல்ற ரூல்ஸ் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு. வட அயர்லாந்துல தொகையெல்லாம் கொஞ்சம் மாறும்.)

## முதல்ல வாடகை வீட்டுக் கணக்கு

நீங்க பத்து வருஷமா ஒரு வாடகை வீட்டுல இருக்கீங்கன்னு வைங்க. வீட்டுக்காரர் வந்து வீட்டை இடிச்சுக் கட்டப் போறேன், காலி பண்ணுங்கங்கறார். அக்ரிமெண்ட்படி ரெண்டு மாசம் டைம் கொடுக்கணும். அவருக்கு அவசரம், அதனால "நாளைக்கே கிளம்புங்க, அந்த ரெண்டு மாசத்துக்கு வேற இடத்துல தங்கற வாடகையை நானே தந்துடறேன்"ங்கறார். இது ஒரு பணம். அப்புறம், "பத்து வருஷம் வீட்டை நல்லா வச்சுக்கிட்டீங்க"ன்னு தனியா ஒரு தொகை கையில கொடுக்கறார். இது ரெண்டாவது. உங்க மச்சான் ஒருத்தர் முன்னாடியே ஒரு வாக்கு கொடுத்திருக்கார், "தங்க இடமில்லாம நிக்கற நாளுக்கெல்லாம் லாட்ஜ் வாடகை என் பொறுப்பு"ன்னு. இது மூணாவது.

இப்போ மச்சான் எந்த நாள்ல இருந்து பணம் தருவார்? வீட்டுக்காரர் ஏற்கனவே வாடகை கொடுத்த அந்த ரெண்டு மாசத்துக்கு அவர் தரமாட்டார், தரச் சொல்றதும் நியாயமில்ல. அது முடிஞ்ச அப்புறம்தான் அவர் கணக்கு ஆரம்பிக்கும். ஆனா பத்து வருஷத்துக்காகக் கொடுத்த அந்தத் தனித் தொகையை அவர் கண்டுக்கமாட்டார், ஏன்னா அது வரப்போற நாளுக்கான பணம் இல்ல, போன வருஷங்களுக்கானது.

நோட்டீஸ் பே, ரிடண்டன்சி பே, வேலையிழப்பு இன்சூரன்ஸ், இந்த மூணுக்கும் உள்ள உறவு இதேதான். இனிமே வீட்டை விட்டுட்டு நேரா விஷயத்துக்குப் போவோம்.

## நோட்டீஸ் பே: வரப்போற வாரங்களுக்கான சம்பளம்

நோட்டீஸ்ங்கறது "இன்ன தேதியோட உங்க வேலை முடியுது"ன்னு கம்பெனி முன்கூட்டியே சொல்றது. பிரிட்டன்ல 1963-ல வந்த சட்டத்துல இருந்து இதுக்குக் குறைஞ்சபட்ச அளவு இருக்கு. இப்போ இருக்கற கணக்கு: ஒரு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் வேலை பாத்திருந்தா ஒரு வாரம், ரெண்டு வருஷம் ஆயிட்டா வேலை பாத்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் ஒரு வாரம், அதிகபட்சம் 12 வாரம். உங்க காண்ட்ராக்ட்ல மூணு மாசம்னு போட்டிருந்தா அதுதான் செல்லும், ரெண்டுல எது அதிகமோ அது.

இந்த நோட்டீஸ் காலம் மூணு மாதிரி கழியலாம். ஒண்ணு, வழக்கம்போல வேலைக்குப் போயிட்டு சம்பளம் வாங்கறது. ரெண்டாவது கார்டனிங் லீவ், அதாவது வீட்டுல இரு, சம்பளம் வரும், ஆனா நீ இன்னும் எங்க ஸ்டாஃப்தான், வேற கம்பெனில சேரக்கூடாது. மூணாவதுதான் பிலான் (PILON, நோட்டீஸுக்குப் பதிலா பணம்), லேப்டாப்பைக் கொடுத்துட்டு இன்னைக்கே கிளம்பு, நோட்டீஸ் வாரங்களுக்கான சம்பளத்தை மொத்தமா போட்டுடறோம்ங்கறது. குழப்பம் பெரும்பாலும் இந்த மூணாவதுலதான் வருது, ஏன்னா பணம் மொத்தமா அக்கவுண்ட்ல விழுந்ததும் அது ஏதோ நஷ்டஈடு மாதிரி தெரியும். அது நஷ்டஈடு இல்ல, சம்பளம், முன்கூட்டியே வந்த சம்பளம், அவ்வளவுதான். அதனால அதுக்கு இன்கம் டாக்ஸ் உண்டு. 2018 ஏப்ரலுக்கு முன்னாடி சில கம்பெனிகள் காண்ட்ராக்ட்ல பிலான் பத்தி எழுதாம விட்டு, டாக்ஸ் இல்லாம கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த வழியை அந்த மாசத்தோட அடைச்சிட்டாங்க.

## ரிடண்டன்சி பே: போன வருஷங்களுக்கான பணம்

ரிடண்டன்சின்னா உங்க மேல தப்புன்னு அர்த்தம் இல்ல, நீங்க பாத்த வேலையே அந்தக் கம்பெனிக்கு இனிமே தேவையில்ல, அல்லது அந்த வேலைக்கு இத்தனை பேர் தேவையில்ல. 1965-ல இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. தொடர்ந்து ரெண்டு வருஷம் வேலை பாத்திருந்தாதான் சட்டப்படி இந்தப் பணம் உண்டு, ஒரு வருஷம் பதினோரு மாசம்னா சட்டப்படி ஒண்ணும் இல்ல.

கணக்கு இப்படிப் போகும். நீங்க 22 வயசுக்குக் கீழ இருந்த முழு வருஷத்துக்கு அரை வாரச் சம்பளம், 22-ல இருந்து 40 வரைக்கும் இருந்த வருஷத்துக்கு ஒரு வாரம், 41-ல இருந்து அதுக்கு மேல இருந்த வருஷத்துக்கு ஒன்றரை வாரம். 20 வருஷத்துக்கு மேல எண்ணமாட்டாங்க. வாரச் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, 2025 ஏப்ரல் 6-ல இருந்து 2026 ஏப்ரல் 5 வரைக்கும் அது 719 பவுண்ட். அந்த வருஷத்துல வேலை போனவங்க வாரம் 1,500 பவுண்ட் வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்குல 719-தான். இது ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். கம்பெனி மனசு வச்சு இதுக்கு மேல கொடுக்கலாம், பெரிய இடங்கள்ல கொடுப்பாங்க, சின்ன இடங்கள்ல பெரும்பாலும் சட்டம் சொன்னதோட நிறுத்திக்குவாங்க.

ஊர்ல இருந்து வந்த நம்ம ஆளுங்க இதை கிராஜுவிட்டியோட போட்டுக் குழப்பிக்கறதை நிறைய பாக்கறேன். கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா நாமளா ரிசைன் பண்ணினாலும் வரும். ரிடண்டன்சி அப்படி இல்ல, நீங்களா பேப்பர் போட்டா ஒண்ணும் வராது.

அந்த 30,000 பவுண்ட் டாக்ஸ் விலக்கு இந்தப் பணத்துக்குத்தான். நோட்டீஸ் பேக்கு இல்ல, எடுக்காம விட்ட லீவுக்குக் கொடுக்கற காசுக்கும் இல்ல. கடைசி பேஸ்லிப் வந்ததும் பாருங்க, மூணும் தனித்தனி வரியா இருக்கணும்: பிலான், ஹாலிடே பே, ரிடண்டன்சி. மூணையும் கூட்டி "ஃபைனல் பேமெண்ட்"னு ஒரே வரியா போட்டிருந்தா பேரோல்ல சொல்லி பிரிச்சு வாங்குங்க, ஏன்னா டாக்ஸ் ஆபீஸ், இன்சூரன்ஸ், ஜாப் சென்டர் (வேலை தேடறவங்களுக்கான அரசாங்க ஆபீஸ்) மூணு பேரும் பின்னாடி கேக்கப்போறது அந்தப் பிரிவைத்தான்.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: நோட்டீஸ் பே முன்னாடி பாக்குது, வரப்போற வாரங்களுக்கான சம்பளம், டாக்ஸ் உண்டு. ரிடண்டன்சி பே பின்னாடி பாக்குது, உழைச்ச வருஷங்களுக்கான தொகை, 30,000 பவுண்ட் வரை டாக்ஸ் இல்ல.

## இன்சூரன்ஸ் என்ன வாக்கு கொடுக்குது?

வேலையிழப்பு இன்சூரன்ஸ்ங்கறது நீங்களா மாசாமாசம் பிரீமியம் கட்டி எடுக்கற தனியார் பாலிசி. உங்க தப்பு இல்லாம வேலை போனா, மாசம் இவ்வளவுன்னு ஒரு தொகை, குறிப்பிட்ட காலத்துக்கு வரும். பெரும்பாலும் 12 மாசம், சிலதுல 24. முழுச் சம்பளத்தையும் தரமாட்டாங்க, அதுல ஒரு பங்கு, இல்லன்னா வீட்டுக்கடன் தவணை அளவு. சும்மா இருந்தாலே முழுச் சம்பளம் வரும்னா யாரு வேலை தேடுவா?

பிரிட்டன்ல இந்த பாலிசின்னாலே பல பேர் முகம் சுளிப்பாங்க, அதுக்குக் காரணம் இருக்கு. பிபிஐ-ன்னு (பேமெண்ட் புரொடெக்ஷன் இன்சூரன்ஸ், வேலை போனா லோன் தவணையைக் கட்டற பாலிசி) ஒண்ணை பேங்க்காரங்க லோனோட சேத்து தலையில கட்டினாங்க. வேலையிழப்புக்கு கிளெய்ம் பண்ணவே முடியாத சொந்தத் தொழில் பண்றவங்களுக்கும் வித்தாங்க. கடைசில 2019 ஆகஸ்ட் 29 வரைக்கும் புகார் கொடுக்க டைம் கொடுத்து, 38 பில்லியன் பவுண்டுக்கு மேல திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. என் கருத்துல தப்பு அந்த ஐடியாவுல இல்ல, வித்த விதத்துல. ஆனாலும் எழுதியிருக்கற நிபந்தனைகளைப் படிக்காம எடுத்தா இன்னைக்கும் அதே கதைதான்.

நிபந்தனைகள்ல ரெண்டு காலக்கெடுவைப் புரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒண்ணு, பாலிசி எடுத்த புதுசுல வேலை போனா செல்லாதுங்கற ஆரம்ப விலக்கு காலம். ரெண்டு மூணு மாசம், சிலதுல நாலு மாசம் இருக்கும். இதுல கவனிக்க வேண்டியது, வழக்கமா அவங்க பாக்கறது வேலை முடிஞ்ச தேதியை இல்ல, வேலை போகப்போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச தேதியை. கம்பெனில 90 நாளுக்குள்ள 20 பேர் அல்லது அதுக்கு மேல வேலையை விட்டு அனுப்பப் போறாங்கன்னா சட்டப்படி குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேச்சுவார்த்தை ஆரம்பிக்கணும், 100 பேர் அல்லது அதுக்கு மேலன்னா 45 நாள். அந்தப் பேச்சுவார்த்தை லெட்டர் கைக்கு வந்த அப்புறம் ஓடிப்போய் பாலிசி எடுத்தா அது வீடு எரியும்போது கிணறு வெட்டற கதைதான், பிரீமியம்தான் வீண். 2020 மார்ச்சுல கோவிட் வந்தப்போ பல கம்பெனிகள் இந்த கவரை புதுசா விக்கறதையே நிறுத்தினது இதே காரணத்துக்குத்தான், ஆபத்து எல்லாருக்கும் கண்ணு முன்னாடி தெரியும்போது இன்சூரன்ஸ் பண்ண யாரும் தயாரா இருக்கமாட்டாங்க.

ரெண்டாவது காத்திருப்பு காலம். வேலை போன அப்புறம் எத்தனை நாள் கழிச்சு பணம் ஓட ஆரம்பிக்கும்ங்கறது, 30 நாள், 60 நாள், 90 நாள்னு நீங்க தேர்ந்தெடுக்கறது. நாள் கூடக் கூட பிரீமியம் குறையும். சில பாலிசிகள்ல காத்திருப்பு முடிஞ்சதும் முதல் நாள்ல இருந்தே கணக்குப் போட்டு பாக்கியோட கொடுப்பாங்க, சிலதுல அந்த நாட்களுக்கு ஒண்ணுமே வராது. எடுக்கும்போதே இதைக் கேட்டுடுங்க.

## மூணும் ஒண்ணா ஓடும்போது

இப்போ ஒரு ஆளை எடுத்துக்குவோம். வயசு 45, ஒரே கம்பெனில முழுசா 10 வருஷம், வாரச் சம்பளம் 800 பவுண்ட். 2025 செப்டம்பர் 1-ம் தேதி கூப்பிட்டு ரிடண்டன்ட்னு சொல்லி, அன்னைக்கே பிலான் கொடுத்து அனுப்பிட்டாங்க.

நோட்டீஸ் 10 வாரம், அதாவது 8,000 பவுண்ட், டாக்ஸ் பிடிச்சுட்டு மீதி வரும். ரிடண்டன்சிக்கு, 10 வருஷத்துல 4 வருஷம் 41 வயசுக்கு மேல, அதுக்கு 6 வாரம், மீதி 6 வருஷத்துக்கு 6 வாரம், ஆக 12 வாரம். 719 உச்சவரம்பு போட்டா 8,628 பவுண்ட், டாக்ஸ் இல்லாம.

நம்மாளு செப்டம்பர் 2-ம் தேதி இன்சூரன்ஸுக்கு போன் போட்டு, "நேத்தோட வேலை போச்சு, 30 நாள்ல பணம் வரும்ல?"ங்கறார். வராது. இன்சூரன்ஸ் பார்வையில அவருக்கு நவம்பர் 10 வரைக்கும் சம்பளம் வந்தாச்சு, 10 வார நோட்டீஸ் அங்கதான் முடியுது. வேலையில்லாத முதல் நாள் அதுக்கு அப்புறம்தான். அங்க இருந்து 30 நாள் காத்திருப்பு, டிசம்பர் 10. மாசம் முடிஞ்சு பின்னால கொடுக்கற பாலிசின்னா முதல் தவணை கையில விழும்போது ஜனவரி 10-ம் தேதிக்குப் பக்கம் ஆயிடும். வீட்டுக்கு வந்து உக்காந்து நாலு மாசத்துக்கு மேல!

அந்த 8,628 பவுண்ட்? அதை இன்சூரன்ஸ்காரங்க பெரும்பாலும் தொடறதே இல்ல, அதனால ஒரு நாள் கூட தள்ளிப்போகாது. ஆக "ரிடண்டன்சி வாங்கினா இன்சூரன்ஸ் கிடையாது"ங்கற பேச்சு எங்க இருந்து வந்திருக்கும்னு இப்போ புரியும். மொத்தமா 16,628 வந்துச்சு, இன்சூரன்ஸும் தள்ளிப்போச்சு, ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. தள்ளிவிட்டது அதுல இருந்த நோட்டீஸ் பாதி மட்டும்தான்.

அதனால வீட்டு பட்ஜெட் போடும்போது நோட்டீஸ் பணத்தை அந்த 10 வாரத்துக்கான சம்பளமாவே நினைச்சு வாராவாரம் பிரிச்சுச் செலவு பண்றது நல்லது. அது முடிஞ்சு இன்சூரன்ஸ் வர்ற வரைக்கும் இருக்கற அந்த ரெண்டு மாச இடைவெளிக்குத்தான் ரிடண்டன்சி பணம். மொத்தமா வந்துச்சேன்னு ஊருக்கு டிக்கெட் போட்டா, அப்புறம் டிசம்பர்ல வாடகைக்கு முழிக்க வேண்டி இருக்கும்.

## கிளெய்ம் எங்க மாட்டும்?

முக்கியமான இடம் வாலண்டரி ரிடண்டன்சி. கம்பெனி "யாராவது தானா முன்வந்தா கொஞ்சம் கூடுதலா தரோம்"ங்கும். நீங்க கை தூக்கினா ரிடண்டன்சி பே வரும், சட்டம் அதைத் தடுக்கல. ஆனா இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் அது நீங்களா விட்ட வேலை கணக்குல போயிடும், கிளெய்ம் அவுட். கூடுதலா தர்ற தொகையையும் 12 மாச இன்சூரன்ஸ் தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்துட்டு கை தூக்குங்க.

இதே மாதிரி செட்டில்மெண்ட் அக்ரிமெண்ட்ல "இரு தரப்பும் பேசி முடிவெடுத்து"ன்னு ஒரு வரி வந்துடும். கம்பெனி வக்கீலுக்கு அது மரியாதையான வார்த்தை, இன்சூரன்ஸ்காரங்களுக்கு அது மறுக்க ஒரு காரணம். வேலை முடிஞ்ச காரணம் ரிடண்டன்சின்னு தெளிவா எழுதச் சொல்லுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி. நடத்தை சரியில்லன்னு அனுப்பினது, குறிப்பிட்ட கால காண்ட்ராக்ட் முடிஞ்சது, இதுக்கெல்லாம் பொதுவா கவர் கிடையாது.

இந்த ரூல்ஸ் ஒண்ணும் புதுசு இல்ல. 1911-ல அப்போ நிதியமைச்சரா இருந்த லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த அரசாங்க வேலையிழப்பு இன்சூரன்ஸ், கட்டடம், கப்பல் கட்டறது மாதிரி சில தொழில்களுக்கு மட்டும் வாரம் 7 ஷில்லிங், வருஷத்துக்கு 15 வாரம் வரைக்கும் கொடுத்தது. அதுலயே முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, தானா வேலையை விட்டவங்களுக்கும் தப்பு பண்ணி வேலை போனவங்களுக்கும் 6 வாரம் நிறுத்தி வச்சாங்க. நூறு வருஷம் தாண்டியும் எலும்புக்கூடு அதேதான்.

## அரசாங்கப் பணம் எந்தப் பக்கம்?

நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏன்னு (ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ், வேலை தேடறவங்களுக்கான உதவித்தொகை) ஒண்ணு, நீங்க கட்டின நேஷனல் இன்சூரன்ஸை வச்சு வர்றது. 25 வயசு அல்லது அதுக்கு மேலன்னா 2025-26-ல வாரம் 92.05 பவுண்ட், 182 நாள் வரைக்கும். சேமிப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கமாட்டாங்க, ரிடண்டன்சி பணம் பிரச்சனை இல்ல, ஆனா பிலான் வாங்கின வாரங்களுக்கு வராது. அதே தர்க்கம்தான்.

யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க உதவித்தொகை, வேற ஜாதி. அங்க சேமிப்பைப் பாப்பாங்க, அதனால ரிடண்டன்சி பணமும் மாட்டும். உங்களுக்கும் துணைக்கும் சேத்து 16,000 பவுண்டுக்கு மேல இருந்தா கிடையாது, 6,000-க்கு மேல ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் (மிச்சம் இருக்கற துண்டுத் தொகையையும் முழு 250-ஆ எண்ணி) மாசம் 4.35 பவுண்ட் குறையும். நம்மாளுக்கு வேற சேமிப்பே இல்லாம அந்த 8,628 மட்டும் இருந்தா மாசம் 47.85 பவுண்ட் வெட்டு. இன்சூரன்ஸ் தொகையையும் வருமானமா எடுத்துக்குவாங்க.

ஸ்கில்டு ஒர்க்கர் விசால இருக்கறவங்க இங்க தனியா யோசிக்கணும். யூனிவர்சல் கிரெடிட் பொதுப்பணம், உங்களுக்கு இல்ல. நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ அந்தப் பொதுப்பணப் பட்டியல்ல வராது. ஆனா வேலை போனதும் உங்க விசா காலத்தையே வழக்கமா 60 நாளாக் குறைச்சிடுவாங்க, அதனால 12 மாச இன்சூரன்ஸ் கணக்கு உங்களுக்கு எந்த அளவுக்கு உதவும்ங்கறதை பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே யோசிங்க.

கம்பெனியே திவால்னா பயப்படாதீங்க, ரிடண்டன்சியும் சட்டப்படியான நோட்டீஸ் பணமும் அரசாங்கத்தோட ரிடண்டன்சி பேமெண்ட்ஸ் சர்வீஸ்ல கேட்டு வாங்கலாம். 8 வாரம் வரைக்கும் சம்பள பாக்கி, 6 வாரம் வரைக்கும் லீவு காசும் அங்கேயே. எல்லாத்துக்கும் அதே வாராந்திர உச்சவரம்புதான்.

## லெட்டர் வந்த வாரமே செய்ய வேண்டியது

இன்சூரன்ஸுக்கு உடனே தகவல் சொல்லுங்க, பணம் பின்னாடிதான் வரும்னாலும் ஃபார்ம் அனுப்பி, கம்பெனியோட கையெழுத்து வாங்கி, எல்லாம் முடியறதுக்குள்ள வாரங்கள் ஓடிடும், அதுலயும் உங்க ஹெச்ஆர் ஆளுக்கே வேலை போயிருந்தா கேக்கவே வேணாம். ரிடண்டன்சி லெட்டர், கடைசி பேஸ்லிப், பி45 (வேலையை விடும்போது கம்பெனி தர்ற டாக்ஸ் விவரப் பேப்பர்), காண்ட்ராக்ட்ல நோட்டீஸ் பத்தின பக்கம், நாலையும் ஆபீஸ் மெயில் லாக் ஆகறதுக்கு முன்னாடி சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க. வேலை தேடறீங்கங்கறதுக்கு ஆதாரமா ஜாப் சென்டர்ல பதிஞ்சதைக் கேக்கற பாலிசிகள் நிறைய, அதையும் தள்ளிப்போடாதீங்க.

அப்புறம் செலவைக் குறைக்கறேன்னு உக்காந்து டைரக்ட் டெபிட் எல்லாத்தையும் கேன்சல் பண்ணும்போது அந்தப் பட்டியல்ல இந்த இன்சூரன்ஸ் பிரீமியமும் இருக்கும், அதை மட்டும் கிளெய்ம் ஓகே ஆகற வரைக்கும் தொடாதீங்க. நோட்டீஸ் காலம் முடியறதுக்குள்ள பாலிசி காலாவதி ஆனா, வேலையில்லாத முதல் நாள்ல உங்க கையில பாலிசியே இருக்காது.